ஊறல் தொடர்பாக

அலுவலக நடைமுறையில் ஒரு விதி உண்டு. ஒரு கடிதத்துக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். ‘பொருள்’ என்ற வரியை மட்டும் படிப்பவருக்கும் விஷயம் ஐயமின்றி விளங்க வேண்டும். கடலூரில் நான் கண்காணிப்பாளராக இருந்த காலம் முழுவதும் இதைச் சொல்லியே எனக்குக் கீழிருந்தவர்களின் வரைவுகளைச் சிவப்பு மையில் குளிப்பாட்டினேன். ஓய்வு பெற்றபின் எனக்காக நான் எழுதிய முதல் மனுவிலேயே அந்த விதியை மீறினேன். அதுவும் ஒரே ஒரு சொல்லில்.

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்த வாரம் அது. எங்கள் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே எங்கள் கூடத்துச் சுவர் இருக்கிறது. அதில் முதலில் கையளவு ஈரம் தெரிந்தது. அடுத்த வாரம் அந்த ஈரத்தில் கரும்பச்சையாகப் புள்ளிகள் கிளம்பின. வீடு முழுக்க நனைந்த கோணியின் வாடை. அந்தச் சுவரோரம்தான் எங்கள் நாய் படுக்கும் இடம். ஒன்பது வயதுப் பெண் நாய், செம்பட்டை நிற நாட்டு இனம். தரை அங்கே குளிர்ச்சி என்று பணிமூப்பின் அடிப்படையில் அந்த இடத்தை எடுத்துக்கொண்டிருந்தது.

என் மனைவி வாளியோடு வந்தாள். “ஏங்க, பூசணம் புடிச்சிருக்கு. சோப்புத் தண்ணி போட்டுத் தொடச்சி வுட்டுடறேன்.”

“தொடாத. ஆய்வுக்கு வர்றவங்க எதப் பாப்பாங்க? அழிச்சிட்டா மனு நிக்காது.”

“யாரு வரப்போறாங்க?”

“வருவாங்க. வரணும். அதான் நடைமுறை.”

“நடைமுறை வர்ற வரைக்கும் பூசணம் கைய கட்டிக்கினு நிக்குமா?”

நான் மனு எழுதிக்கொண்டிருந்தேன். சுவரில் நீர் ஊறுவதை எங்கள் காலத்துப் பொறியாளர்கள் ஒரே சொல்லில் ‘ஊறல்’ என்று எழுதுவார்கள். எனக்குச் சுருக்கம் பிடிக்கும். ‘பொருள்: ஊறல் – நிவர்த்தி கோருதல் – தொடர்பாக’ என்று போட்டேன். இரண்டாம் பத்தியில், விஷயத்துக்குக் கனம் சேர்க்க, வளர்ப்பு நாயும் அவதியுறுவதாக எழுதினேன். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக் கோப்பில் ஒட்டினேன்.

பிறகு வாரந்தோறும் பூசணத்தைச் சுற்றிப் பென்சிலால் எல்லை வரைந்து, தேதியிட்டு, சுருக்கொப்பமும் இட்டேன். கடலூர் மாவட்டத்தில் சுருக்கொப்பம் இடப்பட்ட ஒரே பூசணம் அதுவாகத்தான் இருக்கும்.

நாய் முதலில் பாதங்களை நக்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் காதைச் சொறிந்தது. வயிறு சிவந்தது. சுவரில் முதுகைத் தேய்த்து நின்றது. “அதுக்கு ஊறல் எடுக்குதுங்க, பாவம்” என்றாள் மனைவி. எங்கள் பக்கம் அரிப்புக்கும் அதே சொல்தான். கார்த்திகையில் தும்மல் தொடங்கியது. பிறகு விடியற்காலைகளில் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு வறட்டு இருமல், தொண்டையில் எதுவோ சிக்கியது போல.

எங்கள் ஊரில் எந்த நோய்க்கும் முதலில் தெற்கே குடிகாட்டுப் பக்கமிருந்து வரும் தொழிற்சாலைக் காற்றைத்தான் சொல்வோம். நானும் சொன்னேன். நிரூபிப்பதற்காகக் காற்றின் திசையைக் குறிக்க ஒரு பதிவேடு தொடங்கினேன். அது வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். தெற்கிலிருந்து காற்றே வரவில்லை என்று என் பதிவேடே காட்டியது. பதிவேட்டை மூடி வைத்தேன். சுவரைப் பார்க்கவில்லை. பார்த்தேன், ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.

சிதம்பரத்தில் இருக்கும் என் மனைவியின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தான். நாய் எழுந்து போய் வாலாட்டவில்லை. படுத்த இடத்திலிருந்தே இருமியது. அவன் அதையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

“இன்னா மாமா இது? நாய் இழுத்துக்கினு கெடக்குது, நீங்க செவுத்துல மேப் வரைஞ்சிக்கினு இருக்கீங்க?”

“மேப் இல்ல மச்சான், அளவு. மனு நிலுவைல இருக்கு.”

“மனுவ நீங்க வெச்சிக்கோங்க. நாய நான் இட்டுக்கினு போறேன். அக்கா, கெளம்பு.”

மூவருமாக நாயைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் போனோம். அவனுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒரு பெண்மணி. நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். “வீட்ல ஈரம் இருக்கா? பூசணம் கீசணம்?”

நான் தயாராக இருந்தேன். தேதிவாரியாக அடுக்கிய புகைப்படங்களை நீட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எத்தினி வாரமா, சார்?”

“ஏழு.”

“ஏழு வாரமா தொடைக்கலையா?”

“ஆய்வுக்கு வரணுங்க.”

அவர் புகைப்படங்களை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். என் மனைவியிடம் சொன்னார். “வயசான நாய்ம்மா. சில நாய்ங்களுக்குப் பூசணம் ஒத்துக்காது. அந்தத் தூள் தோல்ல பட்டுப்பட்டு ஊறல், மூச்சுல போயிப்போயி இருமல். ஊறல் மருந்துல அடங்கிடும். மூச்சு தேறுமான்னு இப்ப சொல்ல மாட்டேன். அந்தச் செவுரு சரியாவுற வரைக்கும் அந்த வீட்டுக்குள்ள வுடாதீங்க.”

நாயும் மனைவியும் சிதம்பரத்தில் தங்கினார்கள். நான் மட்டும் பஸ் ஏறி வந்தேன். புவனகிரி வரும்வரை, மனுவுக்கு நினைவூட்டுக் கடிதம் எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து வழக்கப்படி அளவெடுக்கக் குனிந்தேன். ஐந்தாம் வாரக் குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது: ‘கீழ்ப்பகுதியில் பரப்பு சற்றுக் குறைந்துள்ளது.’ அன்று அதை ஒரு நல்ல அறிகுறி என்று எழுதியிருந்தேன். இப்போது கிட்டத்தில் பார்த்தேன். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், நீளவாக்கில் ஒரு பட்டை மட்டும் பூசணம் தேய்ந்து சுண்ணாம்பு தெரிந்தது. அதில் செம்பட்டை மயிர்கள் ஒட்டியிருந்தன. அது நாயின் முதுகின் உயரம். நமைச்சல் தாங்காமல் அங்கே வந்து தேய்த்திருக்கிறது. தேய்க்கத் தேய்க்க அந்தத் தூளையே மேலே பூசிக்கொண்டிருக்கிறது. அதை நான் அளந்து, குறைந்துள்ளது என்று எழுதி, கையொப்பம் இட்டிருக்கிறேன்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். அங்கே குடியிருப்பவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவரிடம் இதுவரை நான் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. உரிய வழியாகத்தானே பேச வேண்டும்?

“அய்யய்யோ, கீழ ஒழுவுதா? ஒரு குரல் குடுத்திருந்தா அன்னைக்கே ஆள வுட்டுப் பாத்திருப்பனே சார்!”

மறுநாள் காலை பிளம்பர் வந்தார். ஒரு இணைப்பை மாற்றினார். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, என் ஏழு வாரத்து எல்லைக்கோடுகளைச் சோப்புத் தண்ணீரில் நானே துடைத்தேன். பின்னர் பெயர்ந்த சுண்ணாம்பைச் சுரண்டி, சுவர் காயும்வரை மின்விசிறியை அதன் பக்கமே ஓடவிட்டேன். தினமும் சிதம்பரத்துக்குப் போன் செய்தேன். “இன்னைக்கு மூணு வாட்டி இருமிச்சி” என்பாள் மனைவி. ஒரு நாள் இரண்டு. ஒரு நாள் ஐந்து. இந்த எண்களை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

பொங்கல் கழிந்து நாய் வந்தது. முதுகில் மயிர் முளைத்திருந்தது. கூடத்துக்குள் நுழைந்து, வெள்ளையடித்த சுவரை எட்ட நின்று முகர்ந்து பார்த்துவிட்டு, வாசற்கதவின் அருகே போய்ப் படுத்துக்கொண்டது. பழைய இடத்துக்கு அது திரும்பவேயில்லை. விடியற்காலையில் இன்னும் ஒரு இருமல் வருகிறது. அது வரைக்கும் நான் விழித்துக் கிடக்கிறேன். வந்து நின்றதும் தூங்கிவிடுகிறேன்.

அப்புறம் ஒரு நாள் தபால்காரர் பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்தார். பதில். என் மனுவுக்குத்தான். அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, மனைவிக்குக் கேட்கும்படி படித்தேன்:

“பார்வையில் காணும் மனுவில் தாங்கள் தெரிவித்துள்ள ஊறல் தொடர்பாக, தங்களது வளர்ப்பு நாயினை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கு அழைத்துச் சென்று உரிய சிகிச்சை பெறுமாறும், அதனை ஈரமற்ற இடத்தில் வைத்துப் பராமரிக்குமாறும் அறிவுறுத்தப்படுகிறது.”

சுவர் ஊறலை நாய் ஊறல் என்று பிரித்து, கால்நடைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவரைக் குறை சொல்ல முடியாது. ‘பொருள்’ வரியைப் பார்த்திருக்கிறார், கீழே நாயைப் பார்த்திருக்கிறார். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எழுதியவனுக்குச் சிவப்பு மை தடவியிருப்பேன், அவ்வளவுதான் கூடுதல்.

மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. “அவுங்களாவது நாயப் பாத்திருக்காங்க” என்றாள்.

கதவருகே நாய் ஒரு கண்ணைத் திறந்து என் பக்கம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பழக்க தோஷம், பேனாவை எடுத்துக் கடிதத்தின் ஓரத்தில் எழுதினேன்: பெறப்பட்ட நாள், மார்ச் 20, முற்பகல்.