ஒன்றரைக் கட்டை கீழே

பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் கிட்டார் வாசிக்கத் தெரியாதவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் நெமெசியோ ஒம்பாட் கிட்டார் வாசிப்பதை யாரும் பெரிய விஷயமாக நினைப்பதில்லை, அவரும் நினைப்பதில்லை. கடற்கரை ஓட்டல் ஒன்றில் ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரத்தில் மனைவி ஃபெலிசா பாடுவாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு.

ஊரே ஆடித் தீர்த்த துள்ளல் பாட்டாகப் பார்த்து எடுப்பாள் ஃபெலிசா. டிரம்ஸையும் மற்ற ஆரவாரத்தையும் கழற்றி எறிந்துவிட்டு, ஒற்றைக் கிட்டாரோடு நிதானமாகப் பாடுவாள். சுட்ட மீனைப் பிய்த்துக்கொண்டிருப்பவர்கள் கையை நிறுத்திவிடுவார்கள். இந்தப் பாட்டுக்குள் இவ்வளவு அழுகையா இருந்தது என்று அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். கடைசியில் குரல் உச்சத்துக்கு ஏறும். அங்கே ஏறாதவளைப் பாடகி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவு கறாரான ஜனங்கள்.

போன வருடம் அவளுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, உச்சம் மட்டும் போய்விட்டது. வீட்டில் பாடிப் பார்த்தாள். குரல் பாதி வழியில் உடைந்தது. பாட்டு நோட்டைத் தூக்கி அலமாரி மேல் போட்டாள்.

"இனிமே நான் பாடல. வேற பொண்ணைத் தேடிக்கோ."

அதன்பிறகு சமைக்கும்போதுகூட அவள் முணுமுணுப்பதில்லை. அந்த அமைதியை நெமெசியோவால் தாங்க முடியவில்லை.

ஃபெலிசாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சுருதி என்று தெரிந்துகொள்ள அவள் காதை நம்புவதில்லை, கணவனின் இடது கையைத்தான் பார்ப்பாள். விரல்கள் ஜி சுருதிக்குரிய கார்டைப் பிடித்திருந்தால் பாட்டு ஜி-யில் இருக்கிறது, அவ்வளவுதான். நெமெசியோ, தளர்த்தினாலும் ஒலிக்கும்படி தடித்த கம்பிகளாக வாங்கி மாட்டினார். ஆறையும் சுருதியில் ஒன்றரைக் கட்டை கீழே தளர்த்தினார். விரல்களை மட்டும் பழைய இடத்திலேயே வைத்தார்; கண்ணுக்கு அதே ஜி, காதுக்கு அதைவிடக் கீழே.

"ஒரே ஒரு தடவை, லாங்கா," என்று கெஞ்சினார். வீட்டில் அவளைக் கண்ணே என்று கொஞ்சுவது அப்படித்தான். "வராட்டி விட்டுடு."

வந்தது. அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டே உச்சம்வரை போய்விட்டுக் குழந்தை மாதிரி அழுதாள். அந்த ஞாயிறே ஓட்டலுக்குப் போனார்கள். பிறகு ஒவ்வொரு வாரமும் மாதாவுக்கு நன்றி சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினாள். நெமெசியோ பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தார்.

நாலாவது ஞாயிறு ஒரு பிறந்தநாள் கூட்டம் வந்திருந்தது. அதிலிருந்து கப்பல் வேலையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், சட்டைப் பையிலிருந்து மவுத் ஆர்கனை உருவிக்கொண்டு எழுந்து வந்தார்.

"இண்டாய், மகளே, நானும் சேந்துக்கறேனே. ஆனா என்கிட்ட இருக்கறது ஜி சுருதி ஆர்கன் ஒண்ணுதான்."

"வாங்க, வாங்க! இவர் வாசிக்கறதும் ஜி-தான்," என்றாள் ஃபெலிசா.

"இன்னிக்கு வேணாமே..." என்று நெமெசியோ இழுத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் வாசிக்கத் தொடங்க, பெரியவர் கூடவே ஊதினார். இரண்டு பூனைகள் சண்டை போட்ட மாதிரி இருந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"தம்பி, உன் ஜி எந்தக் கடல்ல மூழ்கிடுச்சு?" என்றார் பெரியவர்.

ஃபெலிசா சிரிக்கவில்லை. தொளதொளவென்று அதிர்ந்த தடித்த கம்பிகளைப் பார்த்தாள். மைக்கை வைத்துவிட்டு, மீன் சுடும் கொட்டகைப் பக்கம் விறுவிறுவென்று போனாள். நெமெசியோ பின்னாலேயே ஓடினார்.

"எத்தனை நாளா இந்த வேலை?"

"மொத நாள்லேருந்தே."

"அட பாவி மனுஷா! நாலு வாரமா மெழுகுவர்த்தி ஏத்தறேன். மாதாவே சிரிச்சிருப்பா!"

"நீ பாடாம இருந்த வீட்டுக்குள்ள எனக்கு வரவே பிடிக்கல, லாங்கா. தப்புதான்."

"அப்போ என் குரல் திரும்பி வரவே இல்லையா?"

"பழைய குரல் வரல." இன்னொரு பொய்க்கு அவரிடம் தெம்பில்லை. "ஆனா நாலு வாரமா ஜனங்க சாப்பாட்டை விட்டுட்டுக் கேட்டாங்களே, அது யார் குரலாம்? நான் கம்பியைத்தான் தொட்டேன்."

புகையில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். இன்னும் இரண்டு முறை அவரைத் திட்டினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் மைக்கை எடுத்தாள்.

"என் குரல் ஒன்றரைக் கட்டை இறங்கிடுச்சு. எனக்கே இப்பத்தான் தெரியும். இந்த மனுஷன் பத்து விரலாலயும் பொய் சொல்லியிருக்காரு!" என்றாள். சிரிப்பு அடங்கியதும் பெரியவரிடம், "கோவிச்சுக்காதீங்க, நான் இருக்கற இடத்துக்கு உங்க ஜி வராது. நீங்க கை தட்டுங்க, போதும்" என்றாள்.

பிறகு கணவனிடம் திரும்பினாள்.

"இப்பவும் மேல போறப்ப தொண்டை இழுக்குது, நெமே. இன்னும் இறக்கு."

நெமெசியோ ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தினார், இந்த முறை அவள் கண்ணெதிரே, அவள் போதும் என்று சொல்லும்வரை.