இடது முடிந்தது, வலது பாக்கி

எண்ணெய்க் கிண்ணத்தில் கட்டைவிரலை முக்கி, முழங்கையின் உள்பக்கம் தொட்டுச் சூடு பார்க்கிறார் கோபால்சாமி. திருப்தி இல்லை. ஊதிவிட்டு மறுபடி தொடுகிறார். கோரைப்பாயில் குப்புறப் படுத்திருக்கும் அவர் மனைவி பாஞ்சாலை, "இன்னாய்யா, பாயசமா காச்சற?" என்று பாயில் முகம் புதைத்தபடியே கேட்கிறார். நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் அது. சூடு கூடினால் திட்டு, குறைந்தால் அதைவிடப் பெரிய திட்டு.

தினமும் மாலை ஐந்தரைக்கு இந்தச் சடங்கு. நெல்லிவாசல் நாடு என்கிற இந்த மலையூரில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு என்பதால் தப்பாமல் பார்க்கிறேன்.

இதே மனிதரைக் காலையில் பார்த்தால் நம்பமாட்டீர்கள். ஷேர் ஜீப் ஓட்டுகிறார். பத்துப் பேர் வண்டியில் பதினாறு பேரைத் திணித்துவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று சொன்னவரை இறக்கிவிடுவார். தாலுகா ஆபீசரும் தக்காளிக் கூடையும் அவருக்கு ஒன்றுதான். விதிவிலக்கு ஒருவர்: அவருடைய பெரியப்பா ராஜவேலு. அவருக்கு முன் சீட்டு, அடியில் தலையணை. பள்ளம் வரும்போதெல்லாம் பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவார், ஜீப் உடனே ஆமை ஆகிவிடும். காரணம் இருக்கிறது, வருகிறேன்.

முதுகு பிடிக்கும் கதை மூன்று புளி சீசனுக்கு முன்னால் தொடங்கியது. நாளெல்லாம் குந்திப் புளி தட்டிக் கொட்டை எடுத்த பாஞ்சாலைக்கு நிமிர முடியவில்லை. கிரிக்கெட் பார்க்கவிடாமல் முனகுகிறாளே என்ற எரிச்சலில் கோபால்சாமி முதுகில் ஓர் அழுத்து அழுத்தினார். 'கடக்' என்றது. பெண்டாட்டி உடைந்துவிட்டாள் என்று வாசலுக்கு ஓடியவரை உள்ளிருந்து குரல் நிறுத்தியது: "எங்கய்யா ஓடற? அந்தப் பக்கமும் அழுத்து. பரவால்லியே, உன் கையிலயும் ஏதோ கீது." பத்தொன்பது வருட மண வாழ்க்கையில் அவர் வாங்கிய முதல் பாராட்டு அது. மனிதர் அதிலேயே விழுந்துவிட்டார்.

இப்போது அவரிடம் முறைகள் உண்டு. ஞாயிறுதோறும் நகம் வெட்டுகிறார். டீசல் நாற்றம் போகத் துணி சோப்பால் கை கழுவுகிறார். "நடு எலும்பத் தொடவே கூடாது டீச்சர். ரெண்டு ஓரமுந்தான் ரோடு," என்பார். இடுப்பிலிருந்து மேலே ஏறும்போது அழுத்தம், இறங்கும்போது வெறும் தடவல். தோள்பட்டை முடிச்சுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஹேர்பின் பெண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, பாதியில் எழக்கூடாது. "ஒரு பக்கம் மட்டும் காத்து அடிச்ச வண்டி இழுக்கும் இல்ல, அந்த மாதிரி." ஒரு தடவை இடது முடிந்ததும் சவாரி வந்ததென்று எழுந்து போனார். பாஞ்சாலை இரண்டு நாள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே நடந்தார். அந்த இரண்டு நாளும் அடுப்பு பற்றவில்லை. இன்னொரு ஜீப்காரர் மோகன் தன் முதுகையும் காட்டிப் பார்த்தார். "எனக்கு ஒரு முதுவுக்குத்தான் லைசென்சு," என்று துரத்திவிட்டார் கோபால்சாமி.

இனி ராஜவேலு. ஊர்க்கவுண்டராக, அதாவது ஊர்த்தலைவராக, இருந்த கோபால்சாமியின் அப்பா போன வருடம் காலமானார். பதவி மகனுக்கு வரவேண்டும், ஆனால் அதற்குப் பங்காளிகள் கூடி வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளம் கொடுக்கவேண்டும். கொடுப்பதா வேண்டாமா என்பது மூத்தவர் ராஜவேலு கையில். கோபால்சாமிக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஊர்க்கவுண்டர் கட்டும் தலைப்பாகைக்குத் துணி வாங்கி, ஜீப் கண்ணாடியில் பார்த்துக் கட்டிக் கட்டி அவிழ்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். ராஜவேலுவோ, "பொண்டாட்டி முதுவ புடிக்கற கையில தாம்பாளமா? ஊரு சிரிக்கும்டா," என்றுவிட்டார். கடைசியில் கதவையாவது சாத்திக்கொள் என்று சமாதானம் ஆயிற்று.

கதவு சாத்தப்பட்டது. அங்கேதான் பெரியவர்கள் கணக்கு தப்பியது. பொழுது இருக்கும்போதே, தினமும் அதே நேரத்தில், சாத்திய கதவுக்குள்ளிருந்து அரை மணி நேரம் "அம்மாடி", "அப்பாடி", "இன்னும் கொஞ்சம்" என்று பாஞ்சாலை குரல் கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? நாலாம் நாள் குழாயடியில் ஐந்தரைக்குப் பேச்சு நின்றது. ஆறாம் நாள் அந்தப் பக்கம் வேலை இல்லாதவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கம் வேலை வந்தது. எட்டாம் நாள் ராஜவேலு தானே வந்து, "கதவத் தொறந்து தொலைடா," என்றார். நான் வருகைப் பதிவேட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

கதவைத் திறக்கச் சொன்னவரே இனி மறுக்க முடியாதே, தாம்பாளத்துக்கு நாள் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணி. பொழுது மலைக்குப் பின்னால் இறங்குமுன் இரண்டு கையாலும் வாங்கவேண்டும். தவறினால் அடுத்த தைதான். ஆனால் எங்கள் மலையில் ஐந்து என்றால் ஐந்தே முக்கால். ஐந்தரை வரை வாசலைப் பார்த்த கோபால்சாமி, வழக்கம்போல் எண்ணெயைச் சூடு பண்ணிவிட்டார். அன்று நானும் அவர்கள் வீட்டுக்குள் குந்திப் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன்.

இடது பக்கம் முடிந்த நேரத்தில் வாசலில் ராஜவேலுவின் குரல். பாஞ்சாலை துண்டைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். கோபால்சாமியின் கை நின்றது. ஆணியில் தொங்கிய தலைப்பாகையைப் பார்த்தார். "போய் வாங்கிக்கினு வா. நான் எங்க போவப்போறேன்," என்றார் பாஞ்சாலை. அந்தத் துணியை எத்தனை தடவை கட்டிப் பார்த்தவர் இவர்.

"இடது முடிஞ்சிது பெரிப்பா. வலது பாக்கி கீது," என்றார் கோபால்சாமி, எழாமலே.

வெளியே ஒரே முணுமுணுப்பு. ராஜவேலுவுக்குக் கோபம் தலைக்கேறித் தாம்பாளத்தோடு தானே உள்ளே வந்தார். எங்கள் ஊர் வாசல்கள் குள்ளம். குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு கையிலும் தாம்பாளம், வாயில் பாதி வசவு, அப்படியே நிற்கிறார்.

படுத்தபடியே பாஞ்சாலை இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். வெளியே மலை உச்சியில் இன்னும் வெயில் இருந்தது. வேண்டாம் என்று சொல்லவேண்டியவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கோபால்சாமி வலது பக்கத்தை ஒரு விரல் குறையாமல் முடித்தார். ராஜவேலு வளைந்தே காத்திருந்தார். பிறகு பாஞ்சாலை எழுந்து, புடவையைச் சரிசெய்து, பாயை உதறி ராஜவேலுவுக்காக வாசல் பக்கமாக விரித்தார். கோபால்சாமி மனைவியின் முகத்தைப் பார்த்தார். பாஞ்சாலை சரி என்று தலையசைத்தார்.

கிண்ணத்தில் கட்டைவிரலை முக்கி, முழங்கையின் உள்பக்கம் தொட்டுச் சூடு பார்த்தார் கோபால்சாமி. பிறகு ஊதினார்.