ஒன்பதாம் நம்பருக்குக் கொடுத்த இடம்

எங்கள் கிளப் மைதானத்தின் புல்லைப் பதினோரு வருடம் வளர்த்தது ஒரு பெண் என்பது கால்பந்துச் சங்கத்தின் எந்தக் காகிதத்திலும் இல்லை. காகிதத்தில் இருந்தது அவர் கணவர் பெயர். கிளப் அலுவலகத்தில் தட்டச்சு, டிக்கெட், கடிதப் போக்குவரத்து எல்லாம் என் தலையில்தான். அந்தக் காகிதங்களை அடித்துக் கொடுத்ததும் நான்தான். அதனால் பழியை வேறு யார்மேலும் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

கணவரைப் புல்லுக்காரர் என்போம், அந்தப் பெண்ணைப் புல்லுக்கார அக்கா என்போம். புல்லுக்காரர் நல்ல மனிதர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். ஒரு சீசனில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது, இரண்டு நாள் மாற்றாளாக வந்தவர்தான் அக்கா. அந்த இரண்டு நாள் பதினோரு வருடம் ஆனது, தினக்கூலியிலேயே. குடியிருப்பு கிழக்குக் கேலரிக்கு அடியில் இரண்டு அறை. மேலே ஜனம் எழுந்து குதித்தால் கீழே அலமாரியில் பாத்திரங்கள் நகரும். கோல் விழுந்ததை அக்கா அப்படித்தான் தெரிந்துகொள்வார். ஆட்டம் பார்க்க அவருக்குப் பிடிக்காது. ஆட்டக்காரர்கள் மைதானத்தை மாடு மேய்ந்த மாதிரி ஆக்கிவிட்டுப் போவதாகத் திட்டுவார். விடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். எந்த மூலையில் ஈரம் தங்கியிருக்கிறது, எங்கே வேர் மூச்சு முட்டுகிறது என்பதை உள்ளங்காலே அவருக்குச் சொல்லிவிடும்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மைதானத்துக்கு நிரந்தரப் பணியிடம் இரண்டு. ஒன்று புல்லுக்காரர், இன்னொன்று உதவியாளர், அது காலியாகவே கிடந்தது. அதில் தன்னைப் போட வேண்டும், அதுவும் ஐம்பது வயது ஆவதற்குள். அறுபதில் ஓய்வூதியம் கிடைக்கப் பத்து வருட நிரந்தரப் பணி இருக்க வேண்டும் என்பது கிளப்பின் விதி. அக்காவுக்கு நாற்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு ஒருமுறை அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்று, "தங்கச்சி, என் காகிதம் நகர்ந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார். முதலாளி சரி என்று சொல்லிவிட்டார், சீசன் தொடங்கியதும் ஆர்டர் வரும் என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

முதலாளி குளிர்பதனக் கிடங்குகள் வைத்திருப்பவர். கிளப்பை வாங்கியபோது கையில் பணம் கொட்டிக் கிடந்தது, செலவழிக்கத்தான் வழியில்லை. ஆட்டக்காரர்களின் சம்பளம் கிளப் வருமானத்தில் நூற்றுக்கு அறுபதைத் தாண்டக்கூடாது, தாண்டினால் பத்துப் புள்ளி வெட்டு என்று சங்கம் விதி போட்டிருந்தது. பணக்காரர்கள் ஆட்டக்காரர்களை வாங்கிக் குவித்துவிட்டு, சலித்ததும் கைகழுவிவிட்டுப் போய், நாலைந்து கிளப் இழுத்து மூடிய பிறகு வந்த விதி. விதியில் தப்பில்லை. ஆனால் மைதானத்துக்கு ஆகும் செலவு அந்த அறுபதில் சேராது. பத்து வருடமாகப் புல்வெட்டி மெஷினுக்குப் புது பிளேடு கேட்டுக் கரடியாய்க் கத்தினாலும் கிடைக்காத இடத்தில், ஒரே வருடத்தில் புது மெஷின், புது வடிகால், லாரி லாரியாக மணல் எல்லாம் வந்து இறங்கின. லீக்கிலேயே நல்ல புல் எங்களுடையது, மோசமான அணியும் எங்களுடையதுதான்.

பிறகுதான் முதலாளிக்கு அந்த யோசனை வந்தது. கோல் அடிக்க ஆள் வேண்டும், அவனுக்குக் கொடுக்கச் சம்பளத்தில் இடமில்லை. சரி, பாதியை ஆட்டக்காரனாகக் கொடுப்போம், மீதிப் பாதியை மைதான உதவியாளராகக் கொடுப்போம் என்று முடிவெடுத்தார். ஆர்டரை நான்தான் அடித்தேன். ஒன்பதாம் நம்பர் சட்டை போடுகிற ஒரு மனிதர், புல்லுக்காரரைப் போல ஆறு மடங்கு சம்பளத்தில், அவருக்கே உதவியாளர் ஆனார். அக்காவின் காகிதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார் முதலாளி. அடுத்த வருடம் அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிடும். அதையும் சொன்னேன். போனில் யாரோ வந்துவிட்டார்கள்.

அக்கா அடுத்த வாரம் ஜன்னலுக்கு வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. அந்தப் பையன் கெட்டவனா என்று மட்டும் கேட்டார். இல்லை அக்கா, அவனுக்கு இது எதுவும் சரியாகத் தெரியாது, கொடுத்த இடத்தில் கையெழுத்துப் போட்டான் என்றேன். அதற்குப் பிறகு அவர் ஜன்னலுக்கு வரவில்லை.

ஒன்பதாம் நம்பர் கோல்களாக அடித்தான். அலமாரியில் பாத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. கடைசி இடத்தில் இருந்த நாங்கள் மேலே ஏற ஏற, கீழே போன கிளப்காரர்களுக்கு வயிறு எரிந்தது. ஒருவர் சங்கத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். அதிகாரி நேரில் வருவதாக மூன்று நாள் முன்னால் கடிதம் வந்தது. முதலாளி புல்லுக்காரரைக் கூப்பிட்டு, அதற்குள் அந்தப் பையனுக்குப் புல் வேலை தெரிந்தாக வேண்டும் என்றார். உண்மை தெரிந்தால் பத்துப் புள்ளி போகும், கிளப் கீழ் லீக்குக்கு இறங்கும், பாதிப் பேருக்கு வேலை போகும், கேலரிக்கு அடியில் இருக்கிற வீடும் போகும்.

நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத புல்லுக்காரர் யாருக்கு என்ன சொல்லிக்கொடுப்பார்? மூன்று நாளும் அக்காதான் சொல்லிக்கொடுத்தார். எவ்வளவு உயரத்தில் வெட்டுவது, பனி இறங்கிய காலையில் அதை ஏன் துடைத்துவிட வேண்டும், பூஞ்சை வந்தால் இலை எந்த நிறத்துக்குத் திரும்பும் என்று எல்லாவற்றையும். தன் இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவர் எப்படி அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நானாக இருந்தால் மெஷினை அவன் காலில் ஏற்றியிருப்பேன்.

அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத மனிதர். ஒன்பதாம் நம்பரை மைதானத்தின் நடுவில் நிறுத்திக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். அவன் அக்காவின் வார்த்தைகளை, அக்கா இழுக்கிற இடத்தில் இழுத்து, அப்படியே ஒப்பித்தான். உள்ளங்காலில் ஈரம் தெரியும் என்றுகூடச் சொன்னான். அதிகாரி குறித்துக்கொண்டார். முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாங்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தோம். வருகைப் பதிவேடு, அவன் பெயர் எழுதிய ரப்பர் காலணி வரை தயார். அக்காவை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அன்றைக்கு நீ வராதே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் எப்போதும்போல வடக்குக் கோல் கம்பத்துக்கு முன்னால், நாலு பல் இரும்பை மண்ணில் குத்தி, காலால் மிதித்து, வேருக்குக் காற்று விட்டுக்கொண்டிருந்தார். புடவையை முழங்காலுக்கு இழுத்துச் செருகியிருந்தார்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "இவங்க யாரு? இவங்க பேரு பதிவேட்டில இல்லையே."

பதில் தெரிந்தவர்கள் மைதானத்தில் ஐந்து பேர் இருந்தோம். முதலாளி என்னைப் பார்த்தார், நான் என் கோப்பைப் பார்த்தேன். ஒன்பதாம் நம்பர் வாயைத் திறக்கப்போனான். அதற்குள், வாழ்நாளில் முதல் தடவையாக, புல்லுக்காரர் முந்திக்கொண்டார்.

"என் வீட்டுக்காரிங்க சார். எனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருக்கா. பொழுது போகாம எதையோ குத்திக்கிட்டு நிக்கிறா."

அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அந்த இரும்பை மண்ணிலிருந்து உருவி, கோல் கம்பத்தில் சாய்த்து வைத்தார். புடவையை இறக்கிவிட்டார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஆர்டரைத் தட்டச்சு செய்த அன்று வராத வெட்கம்.

அதிகாரி திருப்தியோடு எழுதிக் கொடுத்தார். புள்ளி எதுவும் வெட்டுப்படவில்லை, நாங்கள் லீக்கில் தப்பித்தோம்.

மறுநாள் ஒரு மணிக்கு அக்கா வந்தார். கேலரிக்கு அடியிலிருந்து பத்தே எட்டில் மைதானத்துக்கு வந்துவிடலாம். அவர் தெருவழியாகச் சுற்றி, முன்வாசலுக்கு வந்து, காவலாளியிடம் பார்வையாளர் நோட்டை வாங்கிப் பெயர் எழுதினார். வந்த காரணம் என்ற கட்டத்தில் சாப்பாடு என்று எழுதினார். அந்த மைதானத்தில் அவர் பெயர் பதிந்தது அன்றைக்குத்தான். வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்தார். அதற்குப் பிறகு எல்லா நாளும் அதேபோல்தான்.

இரண்டாவது வாரம் வடக்குக் கோல் பக்கம் புல் பழுக்கத் தொடங்கியது. புல்லுக்காரர் ஒரு கொத்தைப் பிடுங்கி எடுத்துவந்து, அக்காவின் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

"இதைக் கொஞ்சம் பாரேன்."

அக்கா பார்க்கவில்லை. தட்டில் பரிமாறிக்கொண்டே சொன்னார்: "நான் சாப்பாடு கொண்டு வந்தவ. புல்லப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்? கையக் கழுவிட்டு வாங்க, ஆறுது."