இடது பெடல்

பழைய சைக்கிளின் பெடலில் நான் ஸ்பேனரை வைத்ததும், “தப்புப் பக்கமா திருகறேப்பா,” என்றாள் மகள். துருவுக்கு விட்டிருந்த மண்ணெண்ணெயின் வாசனை என்னைத் தொண்ணூறுகளின் எங்கள் கரமனை வீட்டுக்கு இழுத்துப் போனது.

அம்மாவைப் பெற்ற தாத்தா காலமானபின், திருநெல்வேலியிலிருந்து அவருடைய சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தது. உடைந்த இடது பெடல் துருவேறி இறுகியிருந்தது. மூன்று நாள் மண்ணெண்ணெய் விட்டும், அப்பாவின் ஸ்பேனருக்கு அது அசையவில்லை.

“ஆக்ரிக்கடையில எடைக்குப் போட்டுடலாம்,” என்றார் அப்பா.

அடுக்களையிலிருந்து அம்மா விரைந்து வந்தாள். “கழட்டறேன்னு முறுக்கிண்டிருக்கேளே! எடது பெடல் எதிர்ப்பக்கம்னா கழலும்.”

ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் ஏறி மிதித்தாள். துரு உதிர, கிறீச்சென்று கழன்றது.

“நோக்கு எப்படித் தெரியும்?” என்றார் அப்பா.

“எங்கப்பா சைக்கிளை நான்தானே கழட்டி மாட்டுவேன்.”

அப்பா வாங்கிவைத்திருந்த புதுப் பெடலைப் பூட்டினாள். புடவையைச் செருகி, பாருக்கு அடியில் காலை நுழைத்து, குரங்குப் பெடல் போட்டுத் தெருமுனைவரை மணியடித்துக்கொண்டே போனாள். அப்பாவும் நானும் சுவரோடு ஒட்டி வழிவிட்டோம்.