கூடு பார்க்கப் போன ஞாயிறு

என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் ஒரு பாட்டை மனப்பாடம் செய்துவரச் சொன்னார்கள். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடாமல் ஒப்பித்தாள். கடைசி வரி முடிந்ததும் "அப்பாடா" என்றாள். பாட்டில் ஓரிடத்தில் நாணல் வந்தது.

"நாணல்னா என்ன பாப்பா?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா. டீச்சர் அதைக் கேக்க மாட்டாங்க."

நாங்கள் இருந்தது மண்ணூர்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டில். வீட்டுக்குப் பின்னால் மனைப் பிரிவைத் தாண்டி, ஒரு கம்பெனியின் நீளமான மதிலையும் தாண்டினால் ஏரி. கரை முழுக்க நாணல்தான். தினம் பள்ளி வேன் அந்த வழியாகத்தான் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனையில் சேர்ந்தேன். மனைவிக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை. எனக்கு ஞாயிறு விடுமுறை, அவளுக்கு வாரா வாரம் மாறும். விடுதியில் தங்கிப் படித்த நாட்களில் நூலகத்திலிருந்து கவிதைப் புத்தகமாக எடுத்துப் படிப்பேன். வேலைக்கு வந்த பிறகு அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஞாயிறு நாணலைப் பார்த்துக்கொண்டு நின்ற மகளிடம், "இது எது மாதிரி இருக்கு? யாரும் சொல்லாததா ஒண்ணு சொல்லு பாப்போம்" என்றேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். காற்றில் நாணல் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"எல்லாம் ஒரே பக்கம் திரும்பி யாரையோ பாக்குதுப்பா," என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்று தொடங்கியதுதான் அந்த நடை.

இரண்டு வாரத்தில் வீட்டுக்கார அக்காவின் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அக்கா கீழ் வீட்டில் இருந்தார். மூத்தவன் ஐந்தாம் வகுப்பு, சின்னவள் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு. "ஞாயித்துக்கெழம காலைல சர்ச்சுக்கு இட்டுகினு போனா ரெண்டும் உக்கார மாட்டேங்குதுங்க தம்பி. உன்கூடயே வரட்டும். சாயங்காலம் சண்டே கிளாஸுக்கு அனுப்பிக்கிறேன்," என்றார்.

விதி ஒன்றே ஒன்றுதான். எதையாவது பார்த்து, அது எது மாதிரி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. எல்லோரும் சொன்ன பிறகு கரையில் உட்கார்ந்து பிஸ்கட். பையன் மண் அள்ளும் ஜேசிபிக்குப் பின்னால் நின்ற கொக்கைக் காட்டி, "சூப்பர்வைசர் மாதிரி கீது அங்கிள். வேல செய்யாம பாத்துகினே நிக்குது," என்றான். மனைப் பிரிவில் நட்டிருந்த வெள்ளைக் கற்களைப் பார்த்துச் சின்னவள், "நெலத்துக்குப் பல்லு மொளைக்குது," என்றாள். அவளுக்கே அப்போது முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. நான் எதையும் திருத்த மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவர்களே பாடப் புத்தகத்தை எடுத்து, அதில் யார் எதை எது மாதிரி சொல்லியிருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத வராது.

அந்த மழைக்காலத்தில்தான் அந்தக் குரல் பதிவு வந்தது. யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே பேசுகிறாள். பிள்ளை பிடிக்கிற கும்பல் இந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, பிஸ்கட்டில் மருந்து வைத்துக் கொடுக்கிறார்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று. கம்பெனி பேருந்தில் எல்லார் போனிலும் அதே குரல். அக்காவும் எனக்கு அனுப்பினார். பொய்யாக இருக்கும் என்று தோன்றினாலும் கேட்டுவிட்டு என் மகளைப் பள்ளி வேன் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு போய் விட்டேன். வேன் ஓட்டுநர் புது ஆளாக இருந்தார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

"இந்த வாரம் போக வேண்டாமாக்கா?" என்று கேட்டேன்.

"நீ கூடப் போற தம்பி, அப்புறம் இன்னா பயம்?" என்றார் அக்கா.

அந்த ஞாயிறு ஏரிக்கு அந்தப் பக்கம் போனோம். அங்கே ஒரு பனையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதாகப் பையன் யாரிடமோ கேட்டுவந்திருந்தான். ஆள் நடமாட்டம் இல்லாத கரை. வழியில் கருவேல முள் சின்னவளின் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிவிட்டது. முள்ளைப் பிடுங்கினேன். ரத்தத்தைப் பார்த்ததும் அவள் ஓவென்று அழுதாள். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள்.

அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பைக்கில் எதிரே வந்தார்கள். தாண்டிப் போனவர்கள் திரும்பி வந்து குறுக்கே வண்டியை நிறுத்தினார்கள்.

"யார்ரா நீ? கொழந்த ஏன் அழுவுது?"

"காலுல முள்ளு குத்திட்டுங்க," என்றேன்.

"எந்த ஊரு?"

"இங்கனதான் இருக்கேன்."

இங்கே வந்து இத்தனை வருடத்தில் பேச்சை மாற்றிக்கொண்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். பயத்தில் ஊர்ப் பேச்சு தானாக வந்து விழுந்தது. பைக் ஓட்டிவந்தவன் பின்னால் இருந்தவனைப் பார்த்தான். "இங்கனவா? இது இன்னா பாஷடா?"

பின்னால் இருந்தவன் இறங்கி யாருக்கோ போன் செய்தான். கொஞ்ச நேரத்தில் கரைக்கு மேலேயும் கீழேயுமிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி இருந்தது. வயலிலிருந்து அப்படியே வந்திருப்பார். அப்போது அது தோன்றவில்லை. மண்வெட்டி மட்டும்தான் தெரிந்தது. சின்னவளை யாரோ என் தோளிலிருந்து பிடுங்கினார்கள். அவள் இன்னும் பலமாக அலறினாள்.

"ஐடி கார்டு எட்றா."

கம்பெனி அட்டை வீட்டில் ஆணியில் தொங்கியது. மனைவிக்கு அழைத்தேன். அவளுக்கு அன்று ஷிப்ட். உற்பத்தி லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில் இருக்கும். மணி அடித்து அடித்து நின்றது. அக்காவுக்கு அழைத்தேன். சர்ச்சுக்குள் அவர் போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பார். எடுக்கவில்லை.

"ஒருத்தருமே எடுக்க மாட்டாங்களாம்," என்று ஒருவன் சிரித்தான். இன்னொருவன் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா! அது எங்கப்பா!" என்று என் மகள் கத்தினாள்.

"சரி, மத்த ரெண்டும்?"

ஒருவர் பையனின் முன்னால் குனிந்தார். "பயப்படாதப்பா. இவரு யாரு?"

பையன் என்னைப் பார்த்தான். "எங்க வூட்ல வாடகைக்கு கீறாரு."

"உங்கள எங்க இட்டுகினு போறாரு?"

"கூடு பாக்க."

"கூடா? இன்னாத்துக்கு?"

"பாத்துட்டு... எது மாதிரி கீதுன்னு சொல்லணும்."

"சொன்னா?"

"பிஸ்கட் தருவாரு."

அந்தச் சொல் விழுந்ததும் சுற்றியிருந்த சத்தம் மாறியது. என் பையைப் பிடுங்கிக் கொட்டினார்கள். தண்ணீர்ப் பாட்டிலோடு பிஸ்கட் பொட்டலம் விழுந்தது. ஒருவன் அதைக் காலால் தள்ளி, "தொடாதீங்க, தொடாதீங்க," என்றான். பின்னாலிருந்து கழுத்தில் ஓர் அடி விழுந்தது. யார் என்று திரும்புவதற்குள் கன்னத்தில் இன்னொன்று. சட்டை கிழிகிற சத்தம் கேட்டது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். எப்படிப் பேசினாலும் என் பேச்சே எனக்கு எதிரியாகிவிடும் என்று மூடிக்கொண்டேன். உயிர் போய்விடுமோ என்பதை விட, என் மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது போகுமோ என்பதுதான் பயமாக இருந்தது.

கூட்டத்துக்குப் பின்னால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் உள்ளே புகுந்து வந்தார். "புள்ளைங்கள முதல்ல இந்தாண்ட உடுங்கடா. அதுங்க எதிர்லயா அடிப்பீங்க?" என்று மூவரையும் சேர்த்துப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தார். அவர்கள் பேசியது எனக்கும் கேட்டது.

"உங்கம்மா எங்க கண்ணு?"

"சர்ச்சுல," என்றான் பையன்.

"எந்த சர்ச்சு?"

"டேங்குக்குப் பக்கத்துல. மஞ்ச கலரு."

"என் நாத்தனாரு அங்கதான போறா," என்று அவர் இடுப்பிலிருந்து போனை எடுத்தார்.

நாத்தனாரிடம் என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் எழுந்து நின்று, "அம்மாகாரி வரா. வர்ற வரைக்கும் எவனும் கை வெக்காதீங்க. வெச்சீங்கன்னா நானே போலீசுக்கு சொல்வேன்," என்றார். என்னை வழியோரத்தில் வேறொரு பனைக்கு அடியில் உட்கார வைத்தார்கள். இரண்டு பேர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் கலையவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு ஏற்கனவே இருந்தவர்கள் கதை சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் வளர்ந்தது. கடைசியில் வந்தவரிடம், இன்னொரு பிள்ளையை நான் எங்கோ ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வேலைக்காகக் கிளம்பி வந்த ஆள் ஒருவன் இப்படித்தான் தெரியாத ஊரில் முடிந்துபோவான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அக்கா ஸ்கூட்டியில் வந்தார். பட்டுப் புடவை, காலில் செருப்பு இல்லை. சர்ச் வாசலில் விட்ட செருப்பைப் போடக்கூட நிற்கவில்லை. சின்னவள் நொண்டிக்கொண்டே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அக்கா அவளைத் தூக்கிக்கொண்டே கூட்டத்துக்குள் வந்து என் கிழிந்த சட்டையைப் பார்த்தார்.

"யோவ், கைய எடுங்கய்யா! என் வூட்ல குடியிருக்கற புள்ளய்யா அது. நான்தான் அனுப்பிச்சேன்."

"எங்களுக்கு இன்னாமா தெரியும்? கொழந்த அழுதுகினே போச்சி. ஆடியோ வேற வந்துது..." என்றான் பைக் ஓட்டிவந்தவன்.

அக்கா அவன் முகத்தைப் பார்க்காமல் சின்னவளின் காலைப் பார்த்தார். அந்தக் குரல் பதிவை அவரும்தான் எத்தனையோ பேருக்கு அனுப்பியிருந்தார்.

என் தோளைப் பிடித்திருந்த கைகள் விலகின. ஒருவர் தண்ணீர் கொடுத்தார். பைக்காரன் என் அருகில் வந்து, "மன்னிச்சுக்கோண்ணா. எனக்கும் ரெண்டு வயசுல பொண்ணு கீது," என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வாரமாக நானும் தெரியாத முகங்களை எல்லாம் அதே கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து என் பையை எடுத்துக்கொண்டேன். கூட்டைப் பார்க்காமலே திரும்பினோம்.

மனைவி ஷிப்ட் முடிந்து வந்து, கழுத்து வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "பிள்ளைக்குக் கவிதையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நீங்க உசிரோட இருந்தா போதும்," என்று அழுதாள். நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு சாலையில் என் சொந்த மகளின் கையைப் பிடித்து நடக்கவே பயந்தேன். அவள் ஏதாவது கேட்டு அழுதால், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்ப்பேன். பேருந்தில் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன், அல்லது தூங்குவதுபோல் கிடந்தேன்.

பிள்ளைகள் நிறுத்தவில்லை என்பது எனக்குத் தெரியாது. மூவரும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருநாள் மாலை அக்கா மேலே வந்து எங்கள் கதவைத் தட்டினார்.

"தம்பி, சின்னது ஒண்ணு சொல்லிச்சி. கேட்டதுலேர்ந்து எனக்கு மனசு ஒருமாதிரி கீது."

"என்னக்கா?"

"அன்னிக்கு மரமெல்லாம் பேண்ட் போட்டுகினு கிட்ட கிட்ட வந்துச்சாம். ஒரு மரத்துக்கும் மூஞ்சே இல்லியாம்."

பையனிடம் குனிந்து விசாரித்தவரின் முகம், மண்வெட்டி, போன் பிடித்த கை எல்லாம் எனக்கு நினைவிருந்தன. அவள் உயரத்திலிருந்து அவளுக்குத் தெரிந்தது வெறும் கால்கள்தான். அதைச் சொல்ல அவளுக்கு வார்த்தை கிடைத்திருந்தது. எனக்கு அதுவரை யாரிடமும் எதையும் சொல்ல முடிந்திருக்கவில்லை.

"அதச் சொன்ன அன்னிக்குதான் தம்பி அது நடுவுல முழிச்சிக்காம தூங்கிச்சி," என்றார் அக்கா. பிறகு கொஞ்சம் தயங்கி, "வர்ற ஞாயித்துக்கெழம போலாம். நான் ஆராதனைக்கு சாயங்காலம் போய்க்கிறேன். நானும் கூட வரேன்," என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிறு வாசலைத் தாண்டுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அக்கா முன்னால் நடந்தார். எதிரே வருகிற எல்லாரிடமும் கேட்காமலேயே, "புள்ளைங்களுக்கு ஏரி காட்டப் போறோம்," என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பக்கம் போகவில்லை, எங்கள் பக்கத்துக் கரையிலேயே நின்றோம். மழை விட்டிருந்தது. தண்ணீர்மேல் மெல்லிய பனி மூட்டம். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்லி முடித்து அக்காவைப் பார்த்தார்கள்.

"எனக்கு இன்னா தெரியும்?" என்று வெட்கப்பட்டார். பிறகு தண்ணீரையே பார்த்துவிட்டு, "கஞ்சி வடிச்ச குண்டான் மாதிரி கீது. ஆவி இன்னும் அடங்கல," என்றார்.

"ம்மா, சூப்பர்!" என்று பையன் குதித்தான்.

பின்னால் சாலையில் ஒரு பைக் வேகம் குறைகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் மகளின் கையை இறுகப் பிடித்தேன். வண்டி சற்று நின்றது, பிறகு கிளம்பிப் போனது. ஏன் நின்றது என்று தெரியவில்லை.

"வலிக்குதுப்பா," என்றாள் மகள். கொஞ்சம் தளர்த்தினேன். விடவில்லை.