பச்சை விளக்கு எரிகிறது, பெயர் வரவில்லை

லெப்டொப்பைத் திறந்தபோது காலை ஒன்பது நாற்பது. பதினொரு மணிக்கு என் மனைவிக்கு நேர்முகத் தேர்வு. திரையின் மூலையில் வழக்கமாக எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் நிற்கும். அன்று அங்கே ஒன்றும் இல்லை.

"கொஞ்சம் பொறு, வரும்" என்றேன். ஐந்து நிமிடம் பார்த்தோம். வரவில்லை.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒரு நிறுவனம் அவளை அழைத்திருந்தது. இருபது நிமிடம் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அவர்கள் அனுப்பிய கடிதத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. போனில் வரக்கூடாது. குறித்த நேரத்துக்கு வராதவருக்கு மறு சந்தர்ப்பம் கிடையாது.

வட்டகொடைக்கு மேலே, எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அவள் நான்கு வருடமாக வேலை செய்கிறாள். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவது அங்கேதான். வேலை செய்துகொண்டே வெளிவாரிப் பட்டம் முடித்தாள். அந்த மாதம் பிள்ளைக் காம்பராவை மூடி, கீழ் டிவிசனோடு சேர்க்கப் போவதாக அறிவித்திருந்தார்கள். கீழே ஏற்கனவே ஆள் இருந்தது. இந்த நேர்முகம் தவறினால் அடுத்த மாதம் அவளும் கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏற வேண்டும். நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் பதினொரு வருடம் இருந்துவிட்டு, ஆட்குறைப்பில் வீடு திரும்பியவன். எனக்கு வரும் பிழை திருத்தும் வேலை ஒரு வாரம் வரும், மூன்று வாரம் வராது.

ஆகவே அன்று காலை அந்த மூலையில் ஒரு பெயர் தெரிய வேண்டியது எங்களுக்கு முக்கியம்.

லெப்டொப் முதல்நாள் மாலைதான் ஹட்டனில் ஒரு திருத்தும் கடையிலிருந்து வந்திருந்தது. பத்து நாளாக அங்கே கிடந்தது. வந்ததும் திறந்து பார்த்தோம், திரை எரிந்தது, அது போதும் என்று மூடிவிட்டோம். பதினொரு வருடம் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை பார்த்தவன், இதை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

ரவுட்டர் அலமாரியில், பால்மா டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. கூரையில் பொருத்திய அன்டெனாவிலிருந்து அதற்கு வயர் வருகிறது. பன்னிரண்டு வீடுகள் ஒட்டி நிற்கும் எங்கள் லயம் பள்ளத்தில் இருப்பதால் வீட்டுக்குள் போனுக்குச் சிக்னல் இல்லை. அந்த அன்டெனா ஒன்றுதான் வழி. பச்சை விளக்கு எரிந்தது. என் போனில் இணையம் நன்றாக வந்தது. லெப்டொப்பில் மட்டும் இல்லை.

மனைவி புடவை கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொசுவம் பிடித்துவிட்டவர் பக்கத்து வீட்டு அக்கா.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர், கொழுந்து எடுப்பவர். மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். லயத்துச் சுவர்களைப் போல அதுவும் கூரைத் தகரம் வரை போகாது. மேலே ஒரு முழ இடைவெளி. அதன் வழியாக வெளிச்சமும் கருவாட்டு வாசமும் சண்டையும் அங்குமிங்கும் போய்வரும். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் லயத்தின் மற்ற வீடுகளுக்கெல்லாம் போய்க் கட்டளை போட்டுவிட்டு வந்திருந்தார்.

"பதினோரு மணியிலருந்து பதினொண்ணர வரைக்கும் யாரு வீட்டுல டீவி சத்தம் கேக்குதோ, அந்த டீவி பீலிக்கடியில கெடக்கும்னு சொல்லிட்டேன் புள்ள. நாயையும் கட்டச் சொல்லியிருக்கேன்."

பீலி என்றால் நாங்கள் தண்ணீர் பிடிக்கும் இடம். அவர் செய்தாலும் செய்வார்.

இதே அக்காவுக்குத்தான், ரவுட்டர் வாங்கிய புதிதில், மகளோடு முகம் பார்த்துப் பேசுவதற்காக மனைவி பாஸ்வேர்டைக் கொடுத்தாள். அவர் யாரையும் இல்லை என்று சொல்லி அனுப்பத் தெரியாதவர். மூன்றாம் வாரம் பன்னிரண்டு வீட்டிலும் எங்கள் வைஃபை ஓடியது. மாதத்துக்கு என்று போட்ட டேட்டா ஒன்பது நாளில் தீர்ந்தது. மனைவி பாஸ்வேர்டை மாற்றினாள். அக்கா வந்து கேட்டபோது, "வைஃபை பழுதாயிருச்சு அக்கா" என்றாள். அதன்பிறகு அக்கா மகளோடு பேச, மாலையில் கோயில் மேட்டுக்கு ஏறுகிறார். அங்கே சிக்னல் இருக்கிறது. அன்றைய நேர்முகத்துக்காக மனைவி இன்னொரு பொய்யும் சொல்லவேண்டி வந்தது. கம்பனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள், இன்றைக்கு வேலை செய்யும் என்றார்கள்.

"நல்ல வேள" என்றார் அக்கா. வேறொன்றும் கேட்கவில்லை.

பத்து மணிக்குள் நான் செய்தவை: லெப்டொப்பை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். ரவுட்டரை மூன்று தடவை. விமானக் குறியை அழுத்தி எடுத்தேன். ரவுட்டரிலிருந்து நேரே வயர் கொடுக்கலாம் என்று பார்த்தால், மெல்லிய அந்த லெப்டொப்பில் அதற்குத் துளையே இல்லை. என் போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுப் பார்த்தேன். அதன் பெயர் லெப்டொப்பில் உடனே வந்தது. ஆனால் வீட்டுக்குள் போனுக்குச் சிக்னல் இல்லையே, பெயரை வைத்து என்ன செய்வது? போனுக்கு வரும் வைஃபையை வயர் வழியாக லெப்டொப்புக்குக் கொடுக்கலாம் என்பது எனக்கு அன்று தெரியாது.

பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. கடைசி வரியில், பூட்டுப் படத்தோடு, 'ஹிடன் நெட்வேர்க்' என்று. பெயரில்லாத ஏதோ ஒன்று. தோட்ட மேலாளரான துரையின் பங்களாவுடையது என்று முடிவு செய்தேன். பூட்டி, பேரும் காட்டாமல் வைத்துக்கொள்வது தோட்டத்தில் வேறு யார்? பங்களா முக்கால் கிலோமீட்டர் மேலே, தேயிலைக்கும் சவுக்கு மரங்களுக்கும் அப்பால் இருக்கிறது. அந்த வரிக்கு எதிரே சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்திருந்தன. தூரமும் தெரியும், கோடுகளும் தெரிந்தன. சேர்த்துப் பார்க்கவில்லை.

"தம்பி, கொழும்புல பேப்பர்ல இருந்தீங்களே, இதெல்லாம் அங்க சொல்லித் தரலியா?" என்றார் அக்கா.

"அங்க இதுக்கு வேற ஆள் இருந்தாங்க அக்கா."

"அப்ப நீங்க என்னதான் செஞ்சீங்க?"

"பிழை திருத்தினேன்."

"அப்ப திருத்துங்க."

மனைவி சிரிக்கவில்லை. முகப் பவுடர் ஒரு கன்னத்தில் மட்டும் இருந்தது. மாதிரி வகுப்புக்காக வரைந்த படங்களை அடுக்கி, கலைத்து, மறுபடியும் அடுக்கினாள்.

பத்து இருபதுக்குத் திருத்தும் கடைக்காரரை வாட்ஸ்அப்பில் அழைத்துப் பிடித்தேன்.

"அண்ணே, வைஃபை கார்ட் நல்லாத்தான் இருக்கு. நானே செக் பண்ணித்தான் குடுத்தேன். விண்டோஸ் புதுசாப் போட்டதால பழைய கனெக்சன் எல்லாம் அழிஞ்சிருக்கும். பேர அமுக்கிப் பாஸ்வேர்ட் அடிங்க, வேல முடிஞ்சுது."

"பேரே வரலியே."

"வரணுமேண்ணே." பின்னால் யாரோ சார்ஜர் விலை கேட்டார்கள். "வரலேன்னா கொண்டு வாங்க, பாப்போம்."

ஹட்டனுக்குப் போய்ச் சேருவதற்குள் நேர்முகம் முடிந்து, அவளுடைய இடத்தில் வேறொருவர் இருப்பார். போனை வைத்துவிட்டு அவர் சொன்னதை மனைவியிடம் சொன்னேன். "பழைய கனெக்சன் எல்லாம் அழிஞ்சிருச்சாம்."

படங்களை அடுக்கிய கை நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். பிறகு பால்மா டின்னை. பதற்றம் என்று நினைத்தேன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழும் சத்தத்தில் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஒண்ணு செய்யலாம்" என்றார் அக்கா. "கோயில் மேட்டுக்குப் போயிருவோம். அங்க தம்பியோட போனுல சிக்னல் வரும். நான் தெனம் ஒக்காருற கல்லு இருக்கு. நீ பாடம் நடத்து, நான் கொட புடிக்கிறேன். அரை மணி நேரந்தானே? கை வலிக்காது."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா திரையை எட்டிப் பார்த்தார். "எம் போனுலயும் இதே கததான் தம்பி. ஒங்க பச்ச வெளக்கு சுவத்துக்கு மேல எங்க வீட்டுல தெரியும். எரியுதே, சரியாயிருச்சு போலன்னு போன எடுத்துப் பாத்தா, பேரு வராது. எம் போனுதான் கெட்டுப்போச்சுன்னு தலவாக்கலைக்குக் கொண்டு போனேன். கடைக்காரப் பய நல்லாத்தான் இருக்குன்னு திருப்பிக் குடுத்துட்டான்."

இரண்டு வேறு கருவிகள், ஒரே குறை. அப்படியென்றால் குறை கருவியில் இல்லை.

"எப்ப இருந்து அக்கா?"

"தீவாளி முடிஞ்சு ரெண்டாவது நாளு."

எங்கள் டேட்டா தீர்ந்ததும், மனைவி பாஸ்வேர்டை மாற்றியதும் அதே வாரம். பாஸ்வேர்டை மாற்றினால் உள்ளே போக முடியாதே தவிர, பெயர் மறையாது. அந்த அளவு எனக்குத் தெரியும். நான் மனைவியின் பக்கம் திரும்பினேன். அவள் என்னிடம் சொல்லவில்லை. நேரே அக்காவிடம் சொன்னாள்.

"ஒங்க போனுல ஒரு கொறையும் இல்ல அக்கா. நான்தான் பேர மறைச்சு வச்சேன்."

"பேர எப்பிடிப் புள்ள மறைக்கிறது?"

"ரவுட்டர்ல அதுக்கு ஒரு எடம் இருக்கு. அதப் போட்டா வெளிய தெரியாது. ஏற்கனவே போட்டு வச்ச போனுக்கு மட்டும் வரும். இவுங்க போனுக்கும் இந்த லெப்டொப்புக்கும் நானே போட்டு வச்சிருந்தேன். இதுல எல்லாத்தையும் அழிச்சுட்டாங்கன்னு இப்பத்தான் தெரியும்."

"பழுதுன்னியே."

"பழுது இல்ல."

"யாருக்குத் தெரியக்கூடாதுன்னு மறைச்ச?"

"லயத்துக்கு." மழைச் சத்தத்தில் அடுத்த சொல் பாதிதான் கேட்டது. "ஒங்களுக்கும்."

அக்கா அவளையே பார்த்தார். கையில் மடித்த குடை இருந்தது. அதைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"மணி என்ன தம்பி?"

"பத்து நாற்பத்தாறு."

"அதப் பொறகு பேசிக்கலாம். மொதல்ல அந்தப் பேர அடி புள்ள."

பங்களாவுடையது என்று நான் முடிவு செய்திருந்த கடைசி வரியை மனைவி அழுத்தினாள். பெயரைக் கேட்டது. அடித்தாள். பாஸ்வேர்டைக் கேட்டது. ஒரு எழுத்துப் பிழைத்தது. மறுபடி அடித்தாள். பத்து ஐம்பதுக்கு மூலையில் எங்கள் பெயர் வந்து நின்றது. மறு கன்னத்துக்குப் பவுடர் போட அவளுக்கு நேரம் இருந்தது.

பதினொரு மணிக்கு நானும் அக்காவும் வெளியே, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்றோம். உள்ளே மனைவி கெரட், லீக்ஸ், முட்டைக்கோசு படங்களைக் காட்டி, ஒருமை பன்மை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். லயத்தில் எந்த டீவியும் பேசவில்லை. பதினொன்று பத்துக்கு, கீழே வளைவில், பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. பாட்டோடுதான் அது லயத்து வாசல்வரை வரும். நான் அசைவதற்கு முன் அக்கா மழையில் இறங்கி ஓடினார். குடை உள்ளேயே இருந்தது. வளைவில் ஓட்டோவின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். பாட்டு நின்றது.

திரும்பி வந்தவர் எங்கள் வாசலைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்தினார்.

மாலையில் மனைவி தேநீர் கொண்டுபோனாள். கதவு திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் பீலியில் நேருக்கு நேர் கண்டும், அக்கா குடத்தைத்தான் பார்த்தாராம். சுவருக்கு மேலே இருந்த இடைவெளியில் வெளிச்சம் வந்தது, குரல் வரவில்லை. நிறுவனத்தின் பதில் எப்போது வரும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் அந்தச் சுவரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் வீட்டுக்குள் மெதுவாகவே பேசினோம்.

நான்காம் நாள் மின்னஞ்சல் வந்தது. தெரிவு செய்திருந்தார்கள். மனைவி அதை மூன்று தடவை வாசித்தாள். நான் எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், பிழையில்லை. "கெடைச்சிருச்சு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

மேலே இடைவெளியிலிருந்து குரல் வந்தது. "கெடைச்சிருச்சா?"

"கெடைச்சிருச்சு அக்கா."

பிறகு, "வகுப்பு எத்தன மணிக்கு?"

"நாலரையிலருந்து ஆறு."

"எம் மக ஆறரைக்குத்தான் கோல் எடுப்பா."

ஏதோ பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. சுவருக்கு மேலே ஒரு கை வந்தது, தேயிலைக் கறை படிந்த விரல்களில் போன். மனைவி முக்காலியில் ஏறி வாங்கினாள். பாஸ்வேர்டைப் போடுவதற்கு முன் ரவுட்டரில் அந்த மறைப்பை எடுத்துவிட்டாள். "மறச்சே வைக்கலாமே, அவுங்க போனுல போட்டா போதுமே" என்றேன். அவள் பாஸ்வேர்டை அடித்து, போனைச் சுவருக்கு மேலே நீட்டினாள்.

பெயர் இப்போது பன்னிரண்டு வீட்டுக்கும் தெரிந்தது. அன்று மாலையே மூன்றாம் வீட்டுக்காரர் போனோடு வந்து நின்றார். "வைஃபை சரியாயிருச்சு போல தங்கச்சி?"

"எப்பவும் சரியாத்தான் இருந்துச்சு அண்ணே. வகுப்புக்கு வேணும், பாஸ்வேர்ட் தர முடியாது."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, சரி" என்று சொல்லிப் போனார். கோபமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. இன்னும் எங்களுக்குத் தெரியாது.