அம்புக்குறியைக் கடித்த எருமைக்கன்று

பெருமாநல்லூர் ரோட்டில் லிங்கசாமியின் பிரிண்டிங் யூனிட்டில் படம் வரையச் சேர்ந்தபோது ராமாத்தாளுக்கு இருபத்துமூன்று வயது. அதற்கு முன் ஐந்து வருடம் அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரக் கடையில் பேர் வெட்டிக்கொண்டிருந்தாள். குடத்தின் வளைந்த கழுத்தில் நழுவாமல் எழுத்து வெட்டிப் பழகிய கைக்கு, பனியன் துணிக்கான படம் பெரிய காரியமாகத் தெரியவில்லை.

"கோடு எனக்குத் தப்பாதுங்க," என்று முதல் நாளே சொன்னாள். லிங்கசாமி அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் அது வெறும் தகவல்தான் என்று புரிந்துபோனது.

தொண்ணூற்றுநாலாம் வருடம், துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் பேச வந்தார். பழைய கார்ட்டூன்கள் அடங்கிய வீடியோ கேசட் ஒன்றைக் கொடுத்து, இதுபோல வேண்டும், ஆனால் இதில் இருக்கும் எதையும் எடுத்துப் போட்டுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அதுமாதிரி இருக்கோணுமாமா, அதா இருக்கக் கூடாதாமா. என்ன அம்மிணி பண்றது?" என்றார் லிங்கசாமி.

"போடுங்க மொதலாளி, பாத்துட்டுச் சொல்றனுங்க."

ஆபீஸ் டி.வி.யில் ஒரு நரி வந்தது. குதிரைச் சண்டைப் பட நாயகன் மாதிரி தொப்பியைச் சாய்த்துக்கொண்டு கதவைத் தள்ளி நுழைந்தது. காற்று வீசியது, இசை அதிர்ந்தது, தொப்பி கழன்று அதன் முகத்திலேயே அப்பியது. கொஞ்ச நேரத்தில் யாரோ துரத்த, ஓடிய வேகத்தில் பிலிமின் ஓரத்தையே தாண்டிவிட்டது. ஓரத்து ஓட்டைகள் தெரிந்தன, அப்பால் வெறும் வெள்ளை. நரி நின்று, பார்க்கிறவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு, படத்துக்குள் திரும்பி ஓடியது.

லிங்கசாமி சிரித்தார். ராமாத்தாள் சிரிக்காமல் மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தாள்.

"இது சினிமாவ நக்கல் அடிக்குதுங்க. அதோட, தான் வெறும் படம்னு இதுக்கே தெரிஞ்சிருக்குதுங்க. நம்ம எடுத்துக்க வேண்டியது அந்த புத்தியத்தான், நரிய இல்லீங்க."

வெள்ளிக்கிழமை தவறாமல் தியேட்டருக்குப் போகிறவள் அவள். சண்டைக் காட்சிகள் அவளுக்கு மனப்பாடம். நான்கு நாளில் ஓர் எருமைக்கன்று தயாரானது. கறுப்புக் கண்ணாடி, தூக்கிவிட்ட காலர், ஒரே உதை. உதை வாங்கிய மீசைக்காரக் காளை பனியனின் முன்பக்கத்தில் இல்லவே இல்லை. முதுகுப்பக்கம் போய் விழுந்து கிடந்தது. கன்றின் பின்னங்கால் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு ஏற்றாமல் வெறும் கோடாக விட்டிருந்தாள். இன்னும் எனக்குக் கலர் போட்டு முடிக்கவில்லையே என்பதுபோல் கன்று தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாம்பிள் ஐம்பது அடித்து, குறை பார்க்கும் செக்கிங்குக்குப் போயின. மதியம் ஐம்பதும் திரும்பி வந்தன. செக்கிங் சூப்பர்வைசர் வேலாத்தாள் ஒவ்வொரு கன்றின் காலுக்கு நேராகவும் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டியிருந்தாள். டேமேஜ் என்று பொருள்.

"ஏக்கா, அது வேணும்னே உட்டதுங்க."

"வேணும்னு உட்டா மட்டும்? கால்ல கலர் ஏறலைன்னா நான் அம்பு ஒட்டோணும். அது எம்பட வேலை கண்ணு."

ராமாத்தாளுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல ஒரு சட்டையைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கன்று இப்போது தன் காலைப் பார்க்கவில்லை, அம்பைப் பார்த்தது. தன்மேல் குறை சொன்னது யார் என்று கேட்பதுபோல் இருந்தது.

சட்டையோடு மேசைக்குப் போனாள். சாயங்காலத்துக்குள் புதுப் படம் முடிந்தது. அதில் அம்பும் வரைந்ததுதான். கன்று அதைப் பல்லால் கடித்துப் பிய்த்துக்கொண்டிருந்தது.

லிங்கசாமிக்கு வேர்த்துவிட்டது. "நம்ம டேமேஜ நாமளே வரைஞ்சு காட்டறதா? பையர் போயிட்டார்னா?"

"போக மாட்டாருங்க. காட்டுங்க. கேட்டா ராமாத்தா சொன்னான்னு சொல்லுங்க."

அடுத்த வாரம் பையர் வந்து, புதுப் படம் அடித்த சட்டையைக் கையில் எடுத்தார். முகம் சுருங்கியது. அம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. மறுபடி சுரண்டினார். பிறகு கன்றின் பல் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எட்டு டிசைனுக்கு ஆர்டர் கொடுத்தார். ராமாத்தாள் சுவரோரம் கை கட்டி நின்றாள், ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பாடுபட்டது செக்கிங்தான். எது வரைந்த அம்பு, எது ஒட்டிய அம்பு என்று பிரிக்க முடியாமல் பெண்கள் ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் வேலாத்தாள் பச்சை ஸ்டிக்கர் வாங்கிவரச் சொன்னாள். "உன்னால எம்பட கலரே மாறிப்போச்சு," என்று ராமாத்தாளிடம் சொன்னபோது வேலாத்தாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எட்டு டிசைனிலும் எருமைக்கன்று ஒவ்வொரு வகைப் படத்தின் நாயகனாக வந்தது. கோர்ட்டில் வாதாடியது, மழையில் நனைந்து பாடியது, பாட்டு நடுவில் பாக்கெட் தையலுக்குள் மாட்டிக்கொண்டது. மற்ற கம்பெனிக்காரர்களும் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

தொண்ணூற்றேழில் பஸ் ஸ்டாப் பக்கம் ஓர் அறை பிடித்து, கம்ப்யூட்டர் ஒன்று வைத்து, ராமாத்தாள் தனியாகத் தொழில் ஆரம்பித்தாள். லிங்கசாமி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பீரோவிலிருந்து அவளுடைய பழைய படங்களையெல்லாம் எடுத்து, கசங்காமல் சுருட்டி, தானே கொண்டுவந்து கொடுத்தார். கையோடு ஒரு புது ஆர்டரும் கொண்டுவந்திருந்தார்.

"உக்காருங்க மொதலாளி," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இவிங்களுது ஒண்ணு பாதியில நிக்குது. முடிச்சுப்போட்டு வாரனுங்க."

லிங்கசாமி பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து, ஏற்கெனவே காத்திருந்த இரண்டு பேரோடு பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தார்.